கேள்வி – பதில்: கோட்டைக்கு முந்தின நாளே போனால்?

வாசகர், குடியாத்தம்: காலத்தில் பின்னால் போக முடிந்தால் 1806 ஜூலை 9 இரவே வேலூர்க் கோட்டைக்குப் போய், மறுநாள் சிப்பாய்க் கலகத்தில் நேர்ந்த சாவுகளைத் தடுப்பேன். அது தர்மம்தானே? முடியாது என்றால் என் சுயவிருப்பம் எங்கே போயிற்று?

பதில்: யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? வெள்ளை அதிகாரிகளிடம் என்றால் சிப்பாய்களைக் காட்டிக்கொடுத்தவர் ஆவீர்கள். சிப்பாய்களிடம் போய், ஆற்காட்டிலிருந்து வெள்ளை அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை காலையிலேயே வந்துவிடும் என்றால், இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்களோ! இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தக் கூடாதென்றால் 1805 நவம்பருக்கு முன்பே சென்னைக்குப் போக வேண்டும். சிப்பாய்களைக் கொதிக்க வைத்த, தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை உத்தரவு அப்போதுதான் வந்தது.

எச்சரிக்கை ஏற்கெனவே ஒருமுறை போயும் இருக்கிறது. ஜூன் மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் மேலதிகாரியிடம் சதியைச் சொன்னார். பைத்தியம் என்று அடைத்துப்போட்டார்கள்.

தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1976இல் சொன்னது இங்கே பொருந்தும்: எதை எதைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒன்றை ‘முடியும்’ என்கிறோம். வாய் இருக்கிறது, வழி தெரியும் என்ற வரைக்கும் உங்களால் முடியும். ஜூலை 10 நடந்து முடிந்தது என்பதையும் சேர்த்தால் முடியாது. அதற்காக விதி வந்து உங்கள் வாயைப் பொத்தாது. காவலாளி நம்பமாட்டான், அவ்வளவுதான். பேக் சொன்னதும் அவர் விருப்பப்படிதான். பலிக்காததால் அது இல்லையென்று ஆகிவிடாது.

வாசகி, காட்பாடி: நடந்ததை மாற்றவே முடியும் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வரும்போது நான் இருப்பேனா?

பதில்: அநேகமாக மாட்டீர்கள். கருவில் சேர்வது கோடிக்கணக்கான விந்தணுக்களில் ஒன்று. நேரம் கொஞ்சம் தள்ளினாலே வேறு குழந்தை. 1806இல் நூற்றுக்கணக்கானவர் பிழைத்தால் கல்யாணங்கள் மாறும். சில தலைமுறையில் இந்த வட்டாரம் முழுக்க வேறு ஆட்கள். இனிமேல் பிறக்கப்போகிறவர்களை வைத்து தத்துவ அறிஞர் டெரக் பார்ஃபிட் 1984இல் ஒரு சிக்கலை எழுப்பினார்: நம் செயலால் ஆளே மாறிவிட்டால், யாருக்குத் தீங்கு செய்தோம்? ‘யாருக்கும் இல்லை’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. இன்று உயிரோடு இருப்பவர்களை, ஒரு வார்த்தை கேட்காமல் அழிக்கிறீர்கள். என் கணக்கில் அது தர்மமில்லை. நீங்கள் மாற்றியதும் காலம் தனிக் கிளையாகப் பிரியும், இந்தக் காலம் அப்படியே இருக்கும் என்றால் இந்தப் பாவம் இல்லை. ஆனால் இங்கே இறந்தவர்களும் பிழைக்கப்போவதில்லை.

வாசகர், ஆரணி: இருபது வயது ‘என்னை’ப் பார்த்து, ‘அந்தக் கடனை வாங்காதே’ என்று தடுக்கலாமா?

பதில்: உங்கள் இருபதாவது வயதில் அப்படி ஒரு பெரியவர் வந்து சொன்ன ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால், ஒரே காலம் என்ற கணக்கில், நீங்கள் போகவில்லை, அல்லது அந்த இளைஞருக்கு உங்களை அடையாளம் தெரியவில்லை. போனால் சொல்லுங்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கடனை அடைக்கப்போவது நீங்கள்தான் என்றாலும் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.