கொடை வாரத்தில் நின்ற இருமல்

கேள்வி: என் கணவருக்கு வயது 38. மார்த்தாண்டம் அருகே ஒரு பட்டறையில் கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறார். மூக்குச் சளி பெயிண்ட் நிறத்தில் வருகிறது, விரல்கள் வெடிக்கின்றன, இடுப்பு வலி வேறு. ஆறு மாதமாக இரவில் இருமல். மருந்துக்கடையில் தரும் சின்ன வெள்ளை மாத்திரையைப் போட்டால் அடங்குகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. மண்டைக்காடு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பட்டறையை ஒரு வாரம் அடைத்திருந்தார்கள், அம்மன் அருளால் அந்த வாரம் இருமலே இல்லை. பிறகு மீண்டும் வந்துவிட்டது. பெயிண்ட் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரில் சயனைடு இருக்கிறது, போபாலில் கசிந்த விஷமே அதுதான், புற்றுநோய் வரும் என்றெல்லாம் இணையத்தில் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. — வாசகி, தக்கலை

பதில்: அம்மன் அருளோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த ஒரு வாரமும் உங்கள் கணவர் ஸ்பிரே கன்னைத் தொடவில்லை. நீங்கள் எழுதியதில் எனக்கு வேண்டிய வரி அது ஒன்றுதான்.

பெயிண்டர் தொழிலில் நுரையீரல் புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடுதல் என்பது உண்மை. பீடிப் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தட்டும். ஆனால் கொடைக்கு விடுமுறை எடுத்துக்கொள்ளும் இருமல் அந்த ரகம் அல்ல. காசநோயும் இப்படி விட்டு விட்டு வராது. இருந்தாலும் இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். வேலை இருந்தால் வந்து, வேலை இல்லாவிட்டால் விலகுகிற இருமலில் நான் முதலில் சந்தேகப்படுவது தொழிலால் வரும் ஆஸ்துமாவை. எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். ஆஸ்துமாக்காரர்களின் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும்.

ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். சயனைடோடு பெயரில்தான் ஒற்றுமை. ஸ்பிரே அடிக்கும்போது சயனைடு வருவதில்லை. போபாலில் 1984இல் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். குடும்பம் ஒன்று, ஆள் வேறு. உங்கள் கணவர் அடிப்பது ஒரே இரவில் ஊரை அழிக்காது. அதன் குணம் வேறு: மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் மூச்சுக்குழாயைப் பகையாளி ஆக்கிவிடும். அதன் பிறகு மூக்குக்கு வாசனைகூடத் தெரியாத அளவு பட்டாலே இழுப்பு வரும். அதுவும் பல நேரம் வேலை முடிந்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்த பிறகு வரும். அதனால் பெயிண்டை யாரும் சந்தேகிப்பதில்லை, மழையைத்தான் திட்டுவார்கள். நம் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு இரண்டு பருவமழை. பழி போட ஆள் எப்போதும் தயார்.

மழைக்கும் இதில் பங்கு உண்டு, வேறு விதத்தில். போன ஐப்பசியில் என் கார்க் கதவுக்கு நிறம் அடிக்க ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். ஈரக்காற்று பட்டால் பளபளப்பு போய்விடும் என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார்கள். எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கைகளில் பெயிண்ட் அப்பிக் கட்டியாகியிருந்தது. அடிக்கிறவர் முகத்தில் இரண்டு மடிப்பாக ஒரு துவர்த்துத் துண்டு. தின்னர் டின்னோடு பக்கத்தில் நின்ற பையனுக்கு அதுவும் இல்லை. வேலை முடிந்ததும் இருவரும் ஆளுக்கு இரண்டு மட்டி வாழைப்பழம் தின்றார்கள். நெஞ்சில் உள்ளதை இறக்கிவிடுமாம். பழம் போவது இரைப்பைக்கு, பெயிண்ட் போவது நுரையீரலுக்கு. உள்ளே இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லை.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு மறுநாள் போய் ஸ்பிரே அடிப்பது, குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது போன்றது. சீட்டு இல்லாமல் அதைக் கொடுத்தவரிடம் எனக்கு இன்னும் கோபம். வாரக்கணக்கில் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டட்டும்.

இந்த வாரமே நெஞ்சக மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை. ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்வார்கள். ஓய்வு நாளில் ஊதி ‘நார்மல்’ என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பீக் ஃப்ளோ மீட்டர் என்று கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் கருவி கிடைக்கும். நாளுக்கு நான்கு முறை ஊதி, முள் காட்டும் எண்ணைக் காலண்டரில் குறிக்க வேண்டும். வேலை நாளும் ஓய்வு நாளுமாக நான்கு வாரம். பால் கணக்கு எழுதும் காலண்டரே போதும். வேலை நாளில் எண் இறங்கி, ஓய்வில் ஏறினால் டாக்டருக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இதற்காக மூச்சுத்திணறலோடு வேலைக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எந்த நேரமானாலும் 108. இந்த ஆஸ்துமாத் தாக்குதலில் உயிர் போனவர்கள் உண்டு.

உறுதியானால் சேதி கசப்பானது. ஹார்டனர் கலந்த பெயிண்டை அவர் விட்டுவிட வேண்டும். அடிப்பதை மட்டுமல்ல, அது அடிக்கப்படும் கூரையின் கீழ் நிற்பதையும். சீக்கிரம் விலகியவர்களுக்குத்தான் நன்றாகக் குணமாகிறது. வருடக்கணக்கில் இழுத்தடித்தால் பிறகு தொழிலை விட்டாலும் இழுப்பு விடாது. நல்ல மாஸ்க் வாங்கிச் சமாளிக்கலாமா என்று கேட்பீர்கள். வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும் கவசம்தான் இந்த வேலைக்கு ஏற்றது, அதுவும் இன்னும் நோய் வராதவர்களுக்கு.

மற்றவை: சளியின் நிறம், மூக்கு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். தின்னரில் கை கழுவினால் விரல் வெடிக்காமல் என்ன செய்யும்? தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு சோப்புப் போடட்டும். இடுப்பு காத்திருக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது ஹார்டனர் டின்னின் லேபிளைப் படம் எடுத்துப் போகட்டும். பட்டியில் கலக்கும் ஹார்டனர் வேறு வகை, அதையும் தனியாக எடுக்க வேண்டும். தின்னர் பிடிக்கும் பையன் யாராவது அங்கே இருந்தால், அவனுக்கும் இரவில் இருமல் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டு வரச் சொல்லுங்கள்.