காலநிலைக் கொள்கை ஆய்வாளர் வேலையில் ஏஐ எதை எடுத்துக்கொள்ளும், எதை விட்டுவைக்கும்?

கேள்வி இதுதான்: ஏஐ வந்துவிட்ட பிறகு காலநிலைக் கொள்கை ஆய்வாளர்களுக்கு வேலை இருக்குமா, இருந்தால் அது எப்படி மாறும்?

இருக்கும். வாசிக்கும் வேலை குறையும், சரிபார்க்கும் வேலை கூடும். வாசித்துப் பழகாதவரால் சரிபார்க்க முடியாது என்பதுதான் இதில் உள்ள முடிச்சு.

காலநிலை அறிவியலை மதிப்பிடும் ஐநா குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின் மூன்று பகுதிகளிலும் சேர்த்து 66,000-க்கு மேற்பட்ட மேற்கோள்கள் இருக்கின்றன. மனிதர்கள் மட்டும் உட்கார்ந்து இத்தனையையும் வகைபிரிக்கும் காலம் முடிந்துவிட்டது. 2021-லேயே ஓர் ஆய்வுக் குழு, கட்டுரைகளில் ஒரு பகுதியைக் கையால் வகைபிரித்து, அதைக் கொண்டு ஒரு மொழி மாதிரியை (உரையைப் படிக்கும் ஏஐ) பழக்கி, காலநிலைப் பாதிப்பு பற்றிய சுமார் 1,00,000 ஆய்வுக் கட்டுரைகளை அடையாளம் கண்டு வரைபடமாக்கியது. இந்த வகை வடிகட்டல் வேலை இனி மனிதர் கைக்கு முழுதாகத் திரும்பி வராது.

ஆனால் வடிகட்டலில் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. 10,000 ஆவணங்களில் 1,000 தேவையானவை, 9,000 தேவையில்லாதவை என்று ஏஐ பிரித்துத் தருகிறது. கழித்துவிட்ட குவியலில் கண்ணை மூடிக்கொண்டு 300-ஐ எடுத்துப் படிக்கிறீர்கள். ஒன்றுகூடத் தவறாகக் கழிக்கப்படவில்லை. நிம்மதி அடைய முடியாது. 300-ல் பூஜ்யம் என்றால், 95 சதவீத நம்பகத்துடன் சொல்லக்கூடியது பிழை 1 சதவீதத்துக்குள் என்பது மட்டுமே. 9,000-ல் 1 சதவீதம் 90. இப்படி விட்டுப்போகிறவை எல்லா இடத்திலும் சமமாகப் பரவியும் இருப்பதில்லை. ஸ்கேன் செய்த பழைய பிரதி, ஆங்கிலம் அல்லாத மொழி, 'காலநிலை' என்ற சொல்லே வராத கட்டட விதி அல்லது மீன்வளச் சட்டம் என்று, ஆய்வாளர் தேடிப் போக வேண்டிய இடங்களிலேயே ஓட்டை விழும்.

அடுத்தது அட்டவணைகள். என் கணிப்பில் அதிக சேதம் இங்கேதான். நாடுகள் ஐநாவுக்குக் கொடுக்கும் பசுமைக்குடில் வாயு உமிழ்வுக் கணக்கில் பல கட்டங்களில் எண்ணுக்குப் பதில் எழுத்துக் குறி இருக்கும். 'என்ஓ' என்றால் அந்த உமிழ்வு அங்கே நிகழவில்லை. 'என்ஈ' என்றால் கணிக்கப்படவில்லை. 'ஐஈ' என்றால் வேறொரு வரிசையில் சேர்த்தாயிற்று. பிடிஎஃப்பிலிருந்து அட்டவணையை உருவி எடுக்கும் கருவி மூன்றையும் வெற்றிடமாகவோ பூஜ்யமாகவோ ஆக்கிவிடக்கூடும். கணிக்கப்படாத உமிழ்வு இல்லாத உமிழ்வாகிவிடும், கூட்டுத்தொகையும் அழகாகப் பொருந்தும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. எண்ணெடுக்கும்போது குறிகளுக்குத் தனி நெடுவரிசை ஒதுக்கிவிடுவது ஒன்றே வழி. அலகையும் அதே போலத் தனி நெடுவரிசையில் வைக்க வேண்டும். ஒரு ஜிகாகிராம் என்பது ஆயிரம் டன், மெகா டன் என்பது பத்து லட்சம் டன்.

மீத்தேனைப் பாருங்கள். அதன் வெப்பமூட்டும் ஆற்றலைக் கார்பன் டை ஆக்சைடு அளவில் சொல்ல (சமானமாக்க) பெருக்கும் எண், 100 ஆண்டுக் கணக்கில், பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முந்தைய காலநிலை உடன்படிக்கையான கியோட்டோவின் முதல் காலகட்டத்தில் 21, இரண்டாவதில் 25. பாரிஸ் ஒப்பந்த அறிக்கைகளுக்கு 28. ஒரு நாடு பழைய அறிக்கையில் 10 லட்சம் டன் மீத்தேன் காட்டியது, 21-ஆல் பெருக்கினால் 2.1 கோடி டன். புதிய அறிக்கையில் 8 லட்சம் டன், 28-ஆல் பெருக்கினால் 2.24 கோடி. மீத்தேன் 20 சதவீதம் குறைந்திருக்கிறது, வரைபடமோ ஏறுகிறது. 'இரண்டு அறிக்கைகளையும் ஒப்பிட்டுப் போக்கைச் சொல்' என்று ஏஐயிடம் கேட்டால், பெரும்பாலும் ஏற்றத்துக்கு நம்பும்படியான ஒரு காரணத்தையும் சேர்த்தே எழுதித் தரும். காரணம் எழுதத் தெரிந்த கருவி என்பதுதான் இதில் அபாயம். முதலில் வாயு வாரியாக டன்னில் எடுங்கள், பெருக்கலை நீங்களே ஒரே எண்ணால் செய்யுங்கள்.

சொற்களிலும் இதே கதை. 2015 டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம் நிறைவேறும் கடைசி நேரத்தில், வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்பு பற்றிய 4.4 பிரிவில் 'ஷல்' என்றிருந்ததை 'ஷுட்' என்று திருத்தினார்கள். முன்னது சட்டக் கடமை, பின்னது எதிர்பார்ப்பு. சுருக்கம் எழுதும் ஏஐக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தமிழிலோ நிலைமை இன்னும் மோசம், இரண்டுக்கும் நாம் 'வேண்டும்' என்றே எழுதிவிடுகிறோம். 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் நிலக்கரி விஷயத்தில் 'கைவிடுதல்' என்பது கடைசியில் 'படிப்படியாகக் குறைத்தல்' ஆனதும் இதே ரகம். பேச்சுவார்த்தையில் பல மணி நேரம் மல்லுக்கட்டிய ஒரு சொல்லை, சுருக்கம் ஒரு நொடியில் தட்டையாக்கிவிடும்.

இலக்குகளைப் படிப்பதிலும் அப்படியே. 2022-ல் இந்தியா அறிவித்தது, 2030-க்குள் மின் உற்பத்தி நிறுவுதிறனில் (நிலையங்கள் முழு அளவில் ஓடினால் தரக்கூடிய திறன்) 50 சதவீதம் புதைபடிவம் அல்லாதது என்று. இதை 'பாதி மின்சாரம்' என்று எழுதினால் தப்பு. சூரிய மின் நிலையம் இரவில் ஓடாது, அதனால் திறனும் உற்பத்தியும் வேறு வேறு. அதே அறிவிப்பில் உள்ள 45 சதவீதக் குறைப்பு, 2005-ஐ ஒப்பிட்டு, ஜிடிபி ஓர் அலகுக்கான உமிழ்வில்தான், மொத்த உமிழ்வில் அல்ல. ஒரு பொருளாதாரம் நான்கு மடங்காகி, ஜிடிபி ஓர் அலகுக்கான உமிழ்வு 45 சதவீதம் குறைந்தால், மொத்த உமிழ்வு 2.2 மடங்கு. ஏஐ எழுதிய வரைவில் நான் முதலில் தேடுவது 'சதவீதம்' என்ற சொல்லைத்தான். எதன் சதவீதம், எந்த ஆண்டை ஒப்பிட்டு, நிபந்தனை உண்டா என்ற மூன்றுக்கும் வாக்கியத்திலேயே பதில் இல்லையென்றால் மூல ஆவணத்துக்குப் போக வேண்டியதுதான்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஒவ்வொரு தகவலுக்கும் பக்க எண்ணும் மூல வாக்கியத்தை அப்படியேயும் தரச் சொல்லுங்கள். பிறகு அந்த வாக்கியம் ஆவணத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு சாதாரண நிரலால் எழுத்துக்கு எழுத்துத் தேடுங்கள், இன்னொரு ஏஐயிடம் கேட்காதீர்கள். பொருந்தாத தகவலை மனிதர் பார்க்கட்டும். கற்பனை மேற்கோள் எல்லாம் இதிலேயே சிக்கிவிடும். சரியான மேற்கோளுக்குத் தவறான பொருள் கொடுத்திருந்தால் சிக்காது, அதற்கு ஆள் வேண்டும். அத்துடன் 50 ஆவணங்களை இருவர் தனித்தனியாகக் குறியிட்டு ஒரு சோதனைத் தொகுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஏஐ மாதிரியின் பதிப்பு மாறும்போதெல்லாம் அதை மறுபடி ஓட்டுங்கள். இருவரும் தமக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றால் குறை கருவியில் இல்லை, உங்கள் வரையறையில்தான். வெளிவராத பேச்சுவார்த்தை வரைவுகளைப் பொதுச் சேவைகளில் ஏற்றாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையிருக்காது.

பெரிய பொருளாதார மாதிரிகளின் முடிவுகளைக் கற்று அவற்றின் நகலாக ஓடும் ஏஐ பற்றி ஒரு வரி: கார்பன் விலை (உமிழ்வுக்கு வைக்கும் கட்டணம்) டன்னுக்கு 0 முதல் 200 டாலர் வரை வைத்துப் பழக்கிய நகலிடம் 500 டாலருக்குக் கேட்டாலும் தயங்காமல் எண் தரும். அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

வேலைவாய்ப்பில் அடி விழுவது புதிதாகச் சேர்பவர்களுக்கு. ஆவணம் படித்து அட்டவணை நிரப்பும் முதல் இரண்டு வருடத்தில்தான் 'என்ஈ' எது, 'ஷுட்' எது என்று கண் பழகும். அந்த இடத்தை மிச்சம் பிடிக்கும் அலுவலகத்துக்குச் சில வருடங்களில் சரிபார்க்க ஆள் கிடைக்காது.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர் இப்போதே ஒன்று செய்யலாம். ஏதாவது ஒரு நாட்டின் உமிழ்வு அறிக்கையை எடுத்து, கழிவுத் துறை அட்டவணையை மட்டும் கையால் எக்செல்லில் ஏற்றுங்கள். பிறகு அதே பக்கங்களை ஏஐயிடம் கொடுத்து, இரண்டையும் கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள்.