ராத்திரி போனை ஆப் பண்ணி வெக்கோணுமா? கேட்டவங்களுக்கெல்லாம் ஒரே மூச்சுல பதில்

வணக்கமுங்க. கோபில மொபைல் சர்வீஸ் கடை வெச்சு 16 வருசம் ஆச்சு, பட்டன் போன் காலத்துல இருந்து ஸ்க்ரூ டிரைவரும் கையுமா உக்காந்துருக்கேன். போன வாரம் ஒருத்தர் ராத்திரி போனை அணைச்சு வெக்கறதா வேண்டாமான்னு கேக்க, நான் "வேண்டாமுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லப் போயி, ஆளாளுக்கு கேள்வியா குமிஞ்சுருச்சு. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, கடை லீவு, பொறுமையா டைப் பண்றேன்.

பெருந்துறைல இருந்து: அண்ணா, டெய்லி நைட் ஸ்விட்ச் ஆப் பண்ணுனா பேட்டரி நெறைய வருசம் வருமா?

வருமுங்க, ஆனா கணக்குல சேத்தற அளவுக்கு இல்ல. என்ற போனை ராத்திரி 10 மணிக்கு அப்படியே டேபிள் மேல போட்டுட்டு படுத்தா வெடியால எந்திரிக்கறப்ப 3 பர்சன்ட் கொறஞ்சுருக்கும், அவ்வளவுதான். 2015ல ஆண்ட்ராய்டு 6 வந்தப்பவே டோஸ்னு ஒண்ணு வெச்சுட்டாங்க, போன் ஆடாம அசையாம கெடந்துச்சுன்னா உள்ள இருக்கற ஆப்பெல்லாத்தையும் தூங்க வெச்சுரும், அப்பப்ப ஒருக்கா எழுப்பி மெசேஜ் கிசேஜ் இருக்குதான்னு பாத்துட்டு மறுக்கா தூங்க வெச்சுரும். இப்ப கணக்கு போடுங்க, ஒரு நாளைக்கு 3 பர்சன்ட்னா மாசத்துக்கு 90, அதாவது முழுசா ஒரு தடவ சார்ஜ் ஏத்தறது கூட இல்ல. முழுசா ஒரு தடவ சார்ஜ் ஏத்தித் தீக்கறதுக்கு ஒரு சைக்கிள்னு பேரு. ஐபோன்ல 14 வரைக்கும் 500 சைக்கிள், 15ல இருந்து 1000 சைக்கிள் ஓடுனாலும் பேட்டரி புதுசுல புடிச்ச சார்ஜுல 80 பர்சன்ட் புடிக்கும்னு கம்பெனியே சொல்லுது, அதுல வருசத்துக்கு 11 சைக்கிள் மிச்சம் புடிச்சு என்னத்துக்கு ஆகுது. அதுலயும் வெடியால ஆன் பண்றப்ப பூட் ஆகறதுக்கு கொஞ்சம் தின்னுரும்.

திருப்பூர், பனியன் கம்பெனி நைட் ஷிப்ட்: ப்ரோ நாங்க பகல்லதான் தூங்குவோம், சார்ஜ்ல போட்டுட்டே தூங்குனா வெடிச்சுரும்னு ரூம்ல பயமுறுத்தறாங்க. ஆப் பண்ணி சார்ஜ் போட்டா சேப்பா?

தம்பி, ஆப் பண்றதா ஆன்ல வெக்கறதாங்கறத விடு, சூடுதான் இங்க வில்லன். 100 ஆச்சுன்னா போனே கரண்ட்ட நிறுத்திக்கும், அதுக்குன்னே உள்ள ஐசிங்கற சிப்பு இருக்குது, "ஓவர் சார்ஜ் ஆகி வெடிச்சுது"ங்கறது ஒரிஜினல் சார்ஜர் போட்டா கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆனா 100லயே மணிக்கணக்குல நிக்கறதும் அது கூட சூடு சேர்றதும் பேட்டரிய வேகமா கெழவனாக்கிப் போடும். ஆப்பிள் சொல்ற கணக்குப்படி சுத்தி 35 டிகிரிக்குள்ள இருக்கோணும், நீ சித்திரை மாசம் தகர சீட்டு போட்ட ரூம்ல மத்தியானம் தூங்கற, அதுல தலைகாணிக்கடியில போனு.

போன மாசம் ஒரு பையன் கொண்டாந்தான், ஸ்கிரீன் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது, உள்ளார லைட் வெளிச்சம் தெரியுது. "கீழ விழுந்துருச்சுங்ணா"ன்னான். தொறந்து பாத்தா பேட்டரி நல்லா எண்ணெயில போட்ட பூரியாட்டம் உப்பி, ஸ்கிரீன அடியில இருந்து முட்டித் தள்ளீருக்குது. டப்பாவுல மணல் வெச்சுருக்கேன், அதுக்குள்ளதான் அத எடுத்துப் போட்டேன், கை நடுங்குச்சு பாத்துக்க. அந்த மாதிரி உப்புனதுக்கப்பறம் சார்ஜ் போடாத, அமுக்கிப் பாக்காத, ஊசில குத்தறேன்னு கெளம்பாத.

செட்டிங்ஸ்ல பேட்டரிக்குள்ள போனா 80ல நிறுத்தற ஆப்ஷன் இப்ப நெறைய போன்ல இருக்குது, அத ஆன் பண்ணி, வெறுந்தரையில, காத்து படற எடத்துல வை. அது போதும்.

சத்தியமங்கலம் பக்கம், வாழை வெச்சுருக்கறவர்: எங்கப்பா 8 மணி ஆனா போனை அணைச்சுட்டுத்தான் படுப்பாரு. தோட்டத்துல மொபைல் ஸ்டார்ட்டர், அதான் போன்லயே மோட்டார ஓட்டற பெட்டி, போட்டுருக்கோம். பிரச்சனை வருமுங்களா?

வருமுங்க! இதுக்குத்தான் நான் "வேண்டாம்"னே சொன்னது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள இருக்கற சிம்மு அது பாட்டுக்கு ஓடும், அப்பா போனை அணைச்சா மோட்டாரு அணையாது. ஆனா த்ரீ பேஸ் கரண்ட் வந்துச்சு, போயிருச்சு, கெணத்துல தண்ணி வத்தி மோட்டாரு வெறுசா ஓடுது, இதையெல்லாம் அந்தப் பெட்டி அப்பாவோட போனுக்குத்தான கூப்புட்டு சொல்லும்? அவரு போனு செத்துக் கெடந்தா அது யாருகிட்டப் போயி சொல்லும். எங்க பெரியப்பா தோட்டத்துல இப்படித்தான் ராவு முச்சூடும் தண்ணி பாஞ்சு, வெடிஞ்சு போயி பாத்தா நம்ம காடு காஞ்சு கெடக்குது, வாய்க்கா ஒடைஞ்சு பக்கத்துக் காட்டுக்காரருக்கு மஞ்சளு நெனஞ்சு நிக்குது, அவரு சண்டைக்கே வந்துட்டாரு.

வழி சொல்றேன். ஸ்டார்ட்டர் நம்பரை கான்டாக்ட்ல போட்டு ஸ்டார் குடுங்க. அப்பறம் டூ நாட் டிஸ்டர்ப்ல போயி ஸ்டார் போட்டவங்க கூப்புட்டா மட்டும் மணி அடிக்கட்டும்னு வெச்சுருங்க. அப்பா நிம்மதியா தூங்குவாரு, பெட்டி கூப்புட்டா மட்டும் எந்திரிப்பாரு. கூடவே பெட்டி சிம்முக்கு ரீசார்ஜ் முடியறதையும் பாத்துக்கோங்க, கடைக்கு "ஸ்டார்ட்டர் ரிப்பேரு"ன்னு வர்றதுல பாதி அதுதான்.

பொள்ளாச்சி அக்கா ஒருத்தரு: கொழந்த பக்கத்துல படுக்குது, ரேடியேசன் பயமா இருக்குதுங்க. ஆப் பண்ணீர்றது நல்லதுதான?

ஆப் பண்ணுனா அலை வராதுங்கறது நெசந்தானுங்க. ஆனா ஏரோப்ளேன் மோடு போட்டாலும் வைபை, ப்ளூடூத் அணைஞ்சுருக்குதான்னு ஒருக்கா பாத்துட்டா அதேதான், அலாரமும் அடிக்கும். அத விட சுலபம், போனை எந்திரிச்சுப் போயி எடுக்கற தூரத்துல வெக்கறது, தூரம் ரெண்டு மடங்கானா அலையோட வலு நாலுல ஒண்ணாயிரும். நம்ம நாட்டுல 2012ல இருந்து சார் (SAR) அளவு, அதாவது நம்ம ஒடம்பு உறிஞ்சற அலையோட அளவு, கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம், *#07# அடிச்சா உங்க போனோட அளவு தெரியும். 2011ல உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு இந்த போன் அலைய "கேன்சர் வர வாய்ப்பு இருக்கலாம்"ங்கற 2பி லிஸ்ட்ல போட்டுச்சு, அதத்தான் வாட்சப்புல சுத்த வுடறாங்க. அதே லிஸ்ட்ல சோத்துக்கத்தாழை முழு இலைச் சாறும் இருக்குதுங்க்கா. கொழந்த தூக்கம் கெடறது அலையினால இல்ல, நீங்க 11 மணிக்கு ரீல்ஸ் பாக்கற வெளிச்சத்துலயும் சத்தத்துலயும்தான், கோவிச்சுக்காதீங்க.

கோவை, ஐடி கம்பெனி: டெய்லி ஆப் பண்ணி ஆன் பண்ணா ஹேக்கிங்ல இருந்து தப்பலாம்னு படிச்சேன். உண்மையா?

பாதி உண்மைங்க. 2023ல ஆஸ்திரேலியா பிரதமரு அல்பனீசே, டெய்லி ராத்திரி 5 நிமிசம் போனை அணைங்க, பல்லு வெளக்கறப்ப பண்ணுங்கன்னு அவங்க மக்களுக்கு சொன்னாரு. அமெரிக்காவோட உளவு அமைப்பு என்எஸ்ஏ வாரம் ஒருக்கா போதும்னு எழுதி வெச்சுருக்குது. காரணம் என்னன்னா, பெகாசஸ் மாதிரி சில வேவு சாப்ட்வேரு மெமரில மட்டும் ஒட்டிட்டு இருக்கும், ரீஸ்டார்ட் பண்ணுனா போயிரும், மறுபடி ஏத்தோணும். ஆனா நீங்களே ஏதோ லிங்க்ல வந்த ஏபிகே பைலை, அதான் ஆப் ஏத்தற பைலை, இன்ஸ்டால் பண்ணி வெச்சுருந்தா நூறு தடவ ஆப் பண்ணாலும் அது போகாதுங்க. நம்மூர்ல காசு போறதெல்லாம் அதுலதான், பெகாசஸ்ல இல்ல.

கவனிங்க, ராவெல்லாம் அணைச்சு வெக்கோணும்னு யாருமே சொல்லல. ரீஸ்டார்ட், அம்புட்டுத்தான். நான் ஞாயித்துக்கெழம கறி எடுக்கப் போறதுக்கு முன்னால பண்ணீருவேன், தொங்கிட்டு இருக்கற ஆப்பு, டவர் புடிக்காம சண்டித்தனம் பண்றது எல்லாம் சரியாயிரும்.

கரூர்: ஆப் பண்ணி வெச்சா ஓடிபி திருட முடியாதுல்ல?

தப்புங்க. உங்க பேர்ல வேற சிம் வாங்கி ஓடிபி எடுக்கறவனுக்கு உங்க போனு ஆப்ல இருந்தாத்தான் வசதி. ஆன்ல இருந்தா திடீர்னு டவர் போறத நீங்க கவனிச்சுருவீங்க. காசு போயிருச்சுன்னா அந்த நிமிசமே சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிங்க, வெடியட்டும்னு இருக்காதீங்க.

சென்னிமலை: போனை அணைச்சு வெச்சுருந்தாலும் அலாரம் அடிக்கும்னு எங்க தாத்தா சொல்றாரு.

தாத்தா நோக்கியா வெச்சுருந்துருப்பாரு. அதுல அடிக்கும், அணைச்ச போனு தானா முழிச்சுக்கும். இப்ப ஐபோன்ல அடிக்காது, ஆண்ட்ராய்டுலயும் ஏதோ ஒண்ணு ரெண்டு மாடல் தவுர அடிக்காது. கண்ணு, எக்ஸாம் இருந்தா நம்பீராத.

அந்தியூர், ஒரு அம்மா: அப்பறம் ராத்திரி தொந்தரவு இல்லாம தூங்கறது எப்படிங்க? நடுராத்திரில யாராவது கூப்புடறாங்க.

நானும் ஒரு காலத்துல அணைச்சுட்டுத்தானுங்க படுத்தேன். ஒரு நாள் ராத்திரி 1 மணிக்கு என்ற மாமனாரு தவறிட்டாரு. மச்சான் எனக்கு எட்டு தடவ கூப்புட்டுருக்கான், ஊட்டுக்காரி போனும் பக்கத்துலயே அணைஞ்சு கெடந்துருக்குது. வெடியால 5 மணிக்கு பங்காளி ஒருத்தரு பைக்ல வந்து கதவத் தட்டித்தான் எங்களுக்கு எழவு சேதி தெரிஞ்சுது. அவ இன்னைக்கும் அத சொல்லுவா.

டூ நாட் டிஸ்டர்ப்ல "மறுபடி கூப்புடறவங்க"ன்னு ஒண்ணு இருக்குதுங்க. ஒரே ஆளு ஆண்ட்ராய்டுல 15 நிமிசத்துக்குள்ள, ஐபோன்ல 3 நிமிசத்துக்குள்ள, ரெண்டாவது தடவ கூப்புட்டா மட்டும் மணி அடிக்கும். லோன் வேணுமான்னு கேக்கறவன் ரெண்டு தடவ கூப்புட மாட்டான், அவசரம்னா ஆரும் ஒரு தடவயோட நிறுத்த மாட்டாங்க. இன்னொண்ணு, ஆப் பண்ணி ஆன் பண்ணுனா பின் நம்பர் போடற வரைக்கும் கைரேகை வேல செய்யாது, கூப்புடறவங்க பேரும் காட்டாது, நம்பர்தான் வரும். பின் மறந்துபோயி, ரீசெட் அடிச்சு, பேரன் காதுகுத்து போட்டாவெல்லாம் போச்சுன்னு அழுதவங்க எங்கடைக்கு வந்துருக்காங்க. ஒரு நோட்ல எழுதி பீரோல வெச்சுக்கோங்கம்மா.

கவுந்தப்பாடி: என்ற போன்ல பவர் பட்டனே அமுங்க மாட்டீங்குது, நான் எப்படி ரீஸ்டார்ட் பண்றது?

மேல இருந்து ரெண்டு தடவ கீழ இழுத்தீங்கன்னா நெறைய போன்ல ஓரமா பவர் அடையாளம் ஒண்ணு இருக்கும், அத தொடுங்க. ஆனா சுத்தமா ஆப் பண்ணீராதீங்க, மறுபடி ஆன் பண்ண பட்டன் வேணுமே. செவ்வாக்கெழம கடைக்கு கொண்டாங்க, நாளைக்கு ஒரு கண்ணாலம் இருக்குது.