‘மொத்தமே 90 கேஸ்’ சிரா: பணம் கட்டுமுன் எப்படிச் சுவைத்துப் பார்ப்பது?

கேள்வி: சான் ஹோசேயில் வசிக்கிறேன். சிறு தயாரிப்பாளர்களின் கலிஃபோர்னியா சிரா (ஒரு கருந்திராட்சை ரகம்) ஒயின்கள் நான்கை வாங்கி நண்பர்களோடு சுவைத்துப் பார்த்தோம். விலை 45 முதல் 70 டாலர். ஒன்றில் அவித்த முட்டை வாடை. இன்னொன்றில் மிளகு மணக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு மட்டும் தெரியவில்லை. மூன்றாவது ஜாம் போல இருந்தது. 2020-ஆம் ஆண்டு பாட்டிலில் கடைசியில் சாம்பல் ருசி. எனக்குத் தெரிந்த ஒருவர், முட்டை வாடை அடித்த அந்த ஒயினைப் பற்றி, “மொத்தமே 90 கேஸ்தான். என் ஒதுக்கீட்டிலிருந்து ஒரு கேஸ் தருகிறேன், இந்த வாரமே பணம் வேண்டும்” என்கிறார். வாங்கலாமா? எது நல்ல ஒயின் என்று எப்படி ஒப்பிடுவது?

பதில்: அந்தக் கேஸை இப்போது வாங்காதீர்கள். முட்டை வாடைக்காகச் சொல்லவில்லை, அது பெரும்பாலும் போய்விடும். அவசரப்படுத்தும் ஆளுக்காகச் சொல்கிறேன்.

ஒயின் பீப்பாய் ஒன்றுக்கு 225 லிட்டர் பிடிக்கும். அது 300 பாட்டில், கேஸுக்கு 12 பாட்டில் வீதம் 25 கேஸ். 90 கேஸ் என்றால் மூன்றரைப் பீப்பாய்க்குச் சற்று அதிகம். சிறு ஒயினரி ஒரு தோட்டத்துச் சிராவைத் தனியாகப் பாட்டிலில் அடைத்தால் இந்த அளவுதான் வரும், இதில் அபூர்வம் ஒன்றும் இல்லை. லட்சக்கணக்கான கேஸ் தயாரிக்கும் நிறுவனமும் தன் கிடங்கிலிருந்து நான்கு பீப்பாயைப் பிரித்துத் தனி லேபிள் ஒட்டி ‘90 கேஸ்’ என்று விற்கலாம். ‘சிறு உற்பத்தி’ என்பதற்குச் சட்டத்தில் வரையறையே கிடையாது. ‘ரிசர்வ்’ என்பதற்கும் கிடையாது. கனமான பாட்டிலுக்குச் சொல்லவே வேண்டாம்.

‘90 கேஸ்’ என்ற கணக்கை விட்டுவிட்டு, லேபிளில் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் படியுங்கள். ‘புரொட்யூஸ்ட் அண்ட் பாட்டில்ட் பை’ என்றிருந்தால் குறைந்தது 75 சதவீதத்தை அவர்களே நொதிக்கவைத்திருக்க வேண்டும். ‘செல்லர்ட்’, ‘வின்டட்’ என்ற சொற்கள் இருந்தால் யாரோ செய்த ஒயினை வாங்கி அடைத்திருக்கலாம். ‘சிரா’ என்று போட 75 சதவீதம் சிரா போதும், மீதி நான்கில் ஒரு பங்கு எந்தத் திராட்சையாகவும் இருக்கலாம். ‘பலார்ட் கேன்யன்’ போன்ற ஏவிஏ, அதாவது அரசு வரையறுத்த திராட்சைப் பகுதியின் பெயரைப் போட 85 சதவீதம் அங்கே விளைந்திருக்க வேண்டும், தோட்டத்தின் பெயருக்கு 95 சதவீதம். ஆகவே தோட்டத்தின் பெயர் தாங்கிய பாட்டில்தான் ஒப்பிடுவதற்குக் கொஞ்சமாவது நம்பகமானது. ‘பெட்டீட் சிரா’வை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அது ட்யூரிஃப் என்ற வேறு ரகம்.

லேபிளில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். திராட்சைச் சாறின் அடர்கரைசலைக் கலந்து நிறம் ஏற்றினார்களா, அமிலம் சேர்த்தார்களா, தண்ணீர் ஊற்றி ஆல்கஹாலைக் குறைத்தார்களா, எதையும் எழுதத் தேவையில்லை. ஆல்கஹால் 14.5 என்று போட்ட பாட்டிலில் உண்மையில் 15.5 வரை இருக்கலாம், அதுவும் சட்டப்படி சரி. ஐரோப்பாவில் 2023 டிசம்பரிலிருந்து ஒயினுக்கும் சேர்மானப் பட்டியல் கட்டாயமாகிவிட்டது. அமெரிக்காவில் லேபிளின் வாசகத்துக்கு மத்திய அரசின் டிடிபி அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும், எழுத்தின் உயரத்துக்குக்கூட விதி உண்டு. பிஸ்கட் பொட்டலத்துக்குள்ள விதி 70 டாலர் ஒயினுக்கு இல்லை.

இனி ஒப்பிடும் விஷயம். நீங்கள் செய்தது ஒப்பீடு ஆகாது. நான்கு ஊர், நான்கு ஆண்டு, நான்கு கைவண்ணத்தை வரிசையாக வைத்தால் ‘எனக்கு இது பிடித்தது’ என்பதற்கு மேல் எதுவும் தெரியவராது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றவை ஒன்றாக இருக்கட்டும். தோட்டத்தை அறிய வேண்டுமென்றால் ஒரே தயாரிப்பாளர், ஒரே ஆண்டு, இரண்டு தோட்டம். தயாரிப்பாளரின் கையை அறிய வேண்டுமென்றால் ஒரே தோட்டம், இரண்டு தயாரிப்பாளர். சாண்டா மரியா பள்ளத்தாக்கின் பியென் நாசிடோ பல ஒயினரிகளுக்குத் திராட்சை விற்கும் தோட்டம், அதனால் இந்த இரண்டாவது சோதனைக்கு வசதி.

குளிர்ப் பகுதியையும் வெயில் பகுதியையும் ஒரே தட்டில் நிறுக்காதீர்கள். 2017-இல் ஏவிஏ ஆன பெட்டலூமா கேப்பில் கடற்காற்று பிற்பகலெல்லாம் வீசுகிறது. திராட்சை மெதுவாகப் பழுக்கும், பறிப்பது அக்டோபர் இறுதிக்குப் போகும். ஆல்கஹால் 12, 13 அளவிலேயே நின்று, மிளகு, ஆலிவ், பச்சை இறைச்சி மணம் வரும். பாசோ ரோப்லெஸ் வெயிலில் சர்க்கரை ஏறி 15-ஐத் தாண்டும். உங்கள் ‘ஜாம்’ அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். அது குறையல்ல, பாணி. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதல் வாயில் கனமான ஒயின் ஜெயித்துவிடும். மறுநாள் மீதியைக் குடிக்கும்போதுதான் எது அலுக்கிறது என்று தெரியும்.

மிளகு விஷயத்தில் உங்கள் மூக்கைக் குறை சொல்லாதீர்கள். சிராவில் அந்த மணத்தைத் தருவது ரோட்டுண்டோன் என்ற சேர்மம். மிளகிலும் அதுவேதான் இருக்கிறது. ஐந்தில் ஒருவருக்கு அதை நுகரவே முடியாது. அடுக்களையில் மிளகு மணக்கிறதே என்று கேட்பீர்கள். மிளகில் வேறு பல மணங்களும் உண்டு, அவை உங்களுக்குத் தெரிகின்றன. ஆகவே ‘மிளகு மணக்கும் சிராவே உயர்ந்தது’ என்று யாராவது சொன்னால் அதற்காக 20 டாலர் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், உங்களுக்கு அதில் பயனில்லை.

செய்முறை இது. சிறு தயாரிப்புகள் பலவும் வடிகட்டாமல் அடைக்கப்படுபவை, ஆகவே முதல் நாளே பாட்டில்களை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். பரிமாறும் வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 60 முதல் 65. ‘அறை வெப்பம்’ என்று எழுதிவைத்தவர்களுக்கு உங்கள் வீட்டு 23 டிகிரி தெரியாது. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜில் 40 நிமிடம் வைத்து எடுங்கள். கிளாஸ் எல்லாம் ஒரே வடிவம், ஒவ்வொன்றிலும் 50 மில்லி. ஒரு பாட்டிலுக்கு 15 ஊற்று வரும். ஆறு ஒயினுக்கு மேல் வேண்டாம். 14.5 சதவீத ஒயினில் ஆறு ஊற்றை விழுங்கினால் இரண்டரை ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ உள்ளே போயிருக்கும், நாக்கும் மரத்திருக்கும். துப்புவதற்கு ஒரு குவளை வையுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஊதுபத்தி, தாளித்த வாசனை, மிக்சர், ஊறுகாய் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும்.

சுவைக்காத ஒருவர் பாட்டில்களைக் காகிதப் பைகளில் போட்டு எண் இடட்டும். இரண்டு ஒயினுக்கு இடையே வித்தியாசம் உண்மையில் தெரிகிறதா என்று சந்தேகமிருந்தால் மூன்று கிளாஸ் ஊற்றச் சொல்லுங்கள், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மற்றது. தனித்திருப்பதைக் கண்டுபிடியுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும், ஆகவே ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டு மார்தட்ட வேண்டாம், ஐந்தாறு தடவை செய்யுங்கள். 45 டாலர் ஒயினையும் 70 டாலர் ஒயினையும் இப்படி வைத்துப் பிரிக்க முடியவில்லையென்றால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

திறந்த உடனேயே ஒவ்வொரு ஒயினிலும் பாதியைக் காலியான 375 மில்லி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மீதியைத் திறந்தவுடன் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை சுவையுங்கள். அரைப் பாட்டில் மறுநாளுக்கு. காம்போடு முழுக் கொத்தாக நொதிக்கவைத்த சிரா முதல் நாள் துவர்ப்பாக, பச்சைத்தழை வாடையோடு இருந்து மறுநாள் மணம் விரியும்.

முட்டை வாடைக்கு வருவோம். நொதிக்கும்போது ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் போதாவிட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. சிராவில் இது சகஜம். முதலில் ஒயினை அகன்ற குடுவையில் ஊற்றிக் குலுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். போகாவிட்டால், 1982-க்கு முந்தைய ஒரு சென்ட் நாணயத்தை எடுங்கள். அது 95 சதவீதம் செம்பு, புதியவை உள்ளே துத்தநாகம். வினிகரும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு கிளாஸ் ஒயினில் போட்டு ஒரு நிமிடம் சுழற்றி, நாணயம் போடாத கிளாஸோடு சேர்த்து முகர்ந்து பாருங்கள். வாடை போயிருந்தால் அது கந்தக வாடைதான், கிளாஸிலேயே சரிசெய்யக்கூடியது. குதிரை லாயம், பேண்ட்-எய்ட் வாடையாக இருந்து செம்புக்கு அசையவில்லையென்றால் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டின் வேலை, திருந்தாது. சோதித்த கிளாஸைக் கொட்டிவிடுங்கள்.

காத்திருந்தால் சரியாகும் என்று இவ்வளவு சொன்னேனே, 2020-க்கு அது பொருந்தாது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தள்ளுபடி விலையில் இன்றும் கைக்கு வருபவை இவைதான். அந்த ஆகஸ்டில் நாபா, சோனோமாவில் எல்என்யூ தீ, சாண்டா குரூஸ் மலைகளில் சிஇசட்யூ தீ, செப்டம்பர் இறுதியில் கிளாஸ் தீ. புகையிலிருக்கும் குவாயகால் போன்ற சேர்மங்களைத் திராட்சை உறிஞ்சிச் சர்க்கரையோடு பிணைத்துவைத்துக்கொள்கிறது. பிணைந்த நிலையில் அதற்கு மணம் இல்லை. வாய்க்குள் எச்சில் பட்டு அந்தப் பிணைப்பு உடையும்போதுதான் சாம்பல் ருசி எழுகிறது. அதனால்தான் முகரும்போது சும்மா இருந்த ஒயின் கடைசியில் உங்களுக்குச் சாம்பலாகத் தெரிந்தது. காற்றும் செம்பும் உதவாது, வருடக்கணக்கில் வைத்திருந்தாலும் போய்விடும் என்று நம்பாதீர்கள்.

சிக்கல் என்னவென்றால், சிராவில் குவாயகால் இயற்கையாகவே அதிகம். தீயில் வாட்டிய புதுப் பீப்பாயும் அதைத் தரும். ஆகவே புகை மணம் வந்ததெல்லாம் புகைக் கேடு அல்ல, சோதனைச்சாலையில் வந்த குவாயகால் அளவை வைத்துக்கொண்டு விற்பவர் ‘இது சிராவின் இயல்பு’ என்று வாதிடவும் இடமுண்டு. பிரித்தறிய மூன்று சிறு மடக்கு எடுத்து, ஒவ்வொன்றையும் துப்பிவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். பீப்பாய்ப் புகை மூக்கில் இருந்து மெல்ல மறையும். புகைக் கேடு மடக்குக்கு மடக்கு தொண்டையோரம் ஏறிக்கொண்டே போகும். எல்லோருக்கும் ஒரே அளவில் தெரியாது என்பதால் குறைந்தது மூன்று பேர் பாருங்கள். 2017-ஐயும் மறக்க வேண்டாம். அக்டோபர் 8 இரவில் சோனோமா, நாபா பக்கம் தீ தொடங்கியபோது பெரும்பாலான தோட்டங்களில் அறுவடை முடிந்திருந்தது உண்மைதான். ஆனால் குளிர்ப் பகுதிச் சிரா கடைசியாகப் பறிக்கப்படும் ரகம். 2017 சோனோமா சிரா என்றால் பறித்த தேதியை ஒயினரியிடமே கேளுங்கள். லேபிளில் எழுத யாருக்கும் கட்டாயமில்லை.

கேஸ் தருகிறேன் என்ற உங்கள் ஆளுக்கு மறுபடி வருகிறேன். உரிமம் இல்லாமல் ஒயின் விற்பது கலிஃபோர்னியாவில் குற்றம். மதுபான உரிமம் வழங்கும் மாநில ஏபிசி துறையின் இணையதளத்தில் உரிமத்தை யாரும் தேடிப் பார்க்கலாம், செலவில்லை. ‘என் ஒதுக்கீடு’ என்று சொல்லும் ஆள் கோடையில் அந்தப் பெட்டியைக் கராஜில் வைத்திருந்தாரா, காரின் பின்பெட்டியில் வைத்திருந்தாரா என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. கார்க் மேலே தள்ளியிருந்தாலோ கழுத்தில் கசிந்த கறை இருந்தாலோ தொடாதீர்கள். இன்னும் வந்துசேராத ஒயினுக்கு முன்பணம் கட்டவே கட்டாதீர்கள். பெர்க்லியில் இந்த வியாபாரம் செய்த பெரிய கடையே 2016-இல் திவாலாகி, உரிமையாளர் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கடை அலமாரியில் ‘95 புள்ளி’ என்று தொங்கும் விமர்சகர் மதிப்பெண் அட்டையில் ஆண்டையும் பாருங்கள், பல நேரம் அது வேறு வருடத்து ஒயினுக்குக் கிடைத்த புள்ளியாக இருக்கும்.

அந்தச் சிரா செம்புச் சோதனையில் தேறி, மறுநாளும் பிடித்திருந்தால் ஒயினரியிடமே நேரடியாக இரண்டு பாட்டில் கேளுங்கள். ஒன்று இப்போதைக்கு, ஒன்று நான்கைந்து ஆண்டுக்கு. கலிஃபோர்னியாவுக்குள் ஒயினரி வீட்டுக்கே அனுப்பலாம், வாங்கிக்கொள்ள 21 வயதானவர் கையெழுத்திட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அனுப்ப வேண்டாம், அக்டோபர்வரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பாட்டிலில் ஈர அட்டை வாடை வந்தால் அது கார்க் கேடு. பாதிக்கு மேல் ஒயினை அப்படியே வைத்து, கார்க்கையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள், நல்ல ஒயினரிகள் மாற்றித் தருவார்கள்.