அட்டாலியில் ஒரு வயலின்

அன்புள்ள ஐயா,

என் தந்தையார் சென்ற ஆண்டு காலமானார். கோபிசெட்டிபாளையத்தில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டே 40 ஆண்டுகளாக அவர் சேர்த்த 11 இசைக்கருவிகள் வீட்டில் இருக்கின்றன: நாகசுரம் இரண்டு, கொம்பு ஒன்று, உடுக்கை மூன்று, ஹார்மோனியம் இரண்டு, வயலின் மூன்று. எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. வயலின்களில் மிகப் பழையதை விற்றுவிடலாம் என்றிருக்கிறோம். அதனுள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் ஸ்ட்ராடிவாரியஸ் என்ற பெயரும் 1721 என்ற ஆண்டும், கீழே பொடி எழுத்தில் ‘மேட் இன் ஜெர்மனி’ என்றும் இருக்கின்றன. இது கோடிக்கணக்கில் போகும் என்கிறார் எங்கள் மாப்பிள்ளை. கோவையிலிருந்து வந்த தரகர் ஒருவர் 11 கருவிகளையும் சேர்த்து 80,000 ரூபாய்க்குக் கேட்கிறார். வயலினை ஆட்டினால் உள்ளே ஏதோ உருள்கிறது. பாலிஷ் போட்டு, கம்பி மாற்றி, அதன் பிறகு விலை சொல்லலாமா? கருவி இப்போது மேல்வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே அட்டாலியில் இருக்கிறது. தாங்களும் பழைய வயலினை விற்றவர் என்பதால் கேட்கிறேன்.

கோபியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாப்பிள்ளையின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். அவர் எதைப் படித்துவிட்டு அப்படிச் சொல்கிறார் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. வயலின் செய்வதில் உலகப் புகழ்பெற்ற ஆசான் ஸ்ட்ராடிவாரி (சீட்டில் இருப்பது அவர் பெயரின் லத்தீன் வடிவம்) 1721-இல் செய்த ‘லேடி பிளண்ட்’ என்ற வயலின் 2011-இல் ஏலத்தில் 1.59 கோடி அமெரிக்க டாலருக்கு விலைபோனது. அதில் கிடைத்த பணம் ஜப்பானின் சுனாமி நிவாரணத்துக்குச் சென்றது. உங்கள் சீட்டிலும் அதே ஆண்டு இருப்பதைக் கண்டால் எவருக்கும் நெஞ்சு ஒரு கணம் படபடக்கத்தான் செய்யும். ஆனால் ஸ்ட்ராடிவாரி இத்தாலியின் கிரிமோனா நகரத்தில் வாழ்ந்து 1737-இல் மறைந்தவர். ஜெர்மனி ஒரே நாடாக இணைந்ததே 1871-இல்தான். வெளிநாட்டுச் சரக்கில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம், 1887-இல் பிரிட்டனும் 1890-இல் அமெரிக்காவும் சட்டம் இயற்றிய பிறகு பரவியது. ஆகவே நீங்கள் பொடி எழுத்து என்று ஒதுக்கிய அந்த வரிதான் சீட்டில் நம்பத்தக்க ஒரே வரி.

இதை மோசடி என்றும் எண்ணிவிட வேண்டாம். ஜெர்மனியில் சாக்சனியின் மார்க்நோய்கிர்ஷன், இன்று செக் நாட்டில் உள்ள பொஹீமியாவின் ஷூன்பாக், பிரான்சின் மிர்குர் ஆகிய ஊர்களில் வீடு வீடாக வயலின் செய்தார்கள். ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் மேல்பலகை, வேறொரு வீட்டில் வில் என்று வேலை பிரிந்திருந்தது. எந்த ஆசானின் வடிவத்தைப் பின்பற்றினார்களோ அவருடைய பெயரைச் சீட்டாக ஒட்டினார்கள். நம் ஊர்க் கடைகளில் ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று எழுதியிருப்பதைப் படிக்கும் முறையிலேயே அதையும் படிக்க வேண்டும். அவற்றில் மட்டமானவையும் உண்டு, மிக நல்லவையும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதை அறிய ஓரத்தைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோட்டைப் பாருங்கள்: மரத்தில் பள்ளம் வெட்டி மெல்லிய மரப்பட்டை இழைத்திருக்கிறார்களா, அல்லது மையால் கோடு மட்டும் போட்டிருக்கிறார்களா என்று நகத்தால் தடவினாலே தெரிந்துவிடும். இழைத்திருந்தால், செய்தவர் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கிறார் என்று பொருள். அப்போதும் விலை சில பத்தாயிரங்களில் பேசப்படுமே தவிர, கோடிகளில் அல்ல.

பாலிஷ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். இதை நான் பணம் இழந்து கற்றுக்கொண்டேன். என்னிடமிருந்த ஜெர்மன் வயலின் ஒன்றில், ஒரு பங்குனி மாதத்தில், கீழ்ப்பக்க ஓரத்தில் மேல்பலகை பக்கவாட்டு விலாப்பலகையிலிருந்து நகக்கண் அளவுக்கு விட்டுக்கொண்டது. அதைச் சரிசெய்யக் கோவையில் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் மேசை நாற்காலிக்குப் பூசும் வெள்ளைப் பசையை வைத்து ஒட்டி, கேட்காமலேயே பிரெஞ்சு பாலிஷும் போட்டுத் தந்தார். கண்ணாடிபோல் பளபளத்ததைப் பார்த்து நானும் அசட்டுத்தனமாக மகிழ்ந்தேன். வயலினை வச்சிரம், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை, கொண்டு ஒட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று திரும்பும் வரை நம் பக்கத்துக் கோடை வறண்டு கிடக்கும். மரம் சுருங்கும்போது வச்சிரம் தானே விட்டுக்கொடுத்து, பலகை பிளக்காமல் காக்கும். வெள்ளைப் பசை விட்டுக்கொடுக்காது. மறு கோடையில் ஒட்டு அப்படியே நிற்க, மேல்பலகை நான்கு அங்குலத்துக்கு விரிசல் விட்டது.

அதை விற்கப் போனபோது வந்தவர் ஈரோட்டுப் பக்கத்து வித்துவான். வாசித்துப் பார்ப்பார் என்று நான் காத்திருக்க, அவர் வில்லைத் தொடவே இல்லை. கருவியைக் காதருகே பிடித்து, விரல் முட்டியால் ஓரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஓசை மாறியது. பிறகு பல் மருத்துவர்கள் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியை ஓசைத் துளை வழியே விட்டு, கைவிளக்கை அடித்து உள்ளே பார்த்தார். “பழசாவே விட்டிருந்தா இன்னொரு மடங்கு குடுத்திருப்பனுங்க” என்றார். அவர் சொன்ன விலைக்கே கொடுத்தேன்.

உள்ளே உருளுவதைக் கேட்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அது பெரும்பாலும் சவுண்ட் போஸ்ட்டாகத்தான் இருக்கும். கம்பிகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே, மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே, பசையே இல்லாமல் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் சுண்டுவிரல் நீளக் குச்சி அது. பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘ஆன்மா’ என்றே அழைக்கிறார்கள். கம்பிகள் தளர்ந்து நெடுநாள் கிடந்தால் விழுந்துவிடும். வயலின் வேலை மட்டுமே செய்பவரிடம் கொடுத்தால் சற்று நேரத்தில் நிறுத்தித் தருவார். அதே வேளையில் அந்த இடத்தில் விரிசல் உண்டா என்றும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பலகையில் அங்கே விரிசல் இருந்தால் விலை வெகுவாக இறங்கும், அதை வாங்குபவரிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுவது நல்லது.

பெட்டிக்குள் இருக்கும் வில்லைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. தரகர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாரா? பழைய வில் சில சமயம் வயலினைவிட விலை மிகுந்தது. பிடிக்கும் இடத்துக்கு மேலே பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். நுனியில் உள்ள வெள்ளைத் தகடு எலும்பா, தந்தமா என்பதையும் தெரிந்தவரிடம் காட்டுங்கள்; தந்தமென்றால் நம் நாட்டில் விற்பது குற்றம். வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 100 ஆண்டு கடந்து, தொல்பொருள் என்று கருதத்தக்க கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை.

தரகர் கேட்ட விலை கூடுதலா குறைவா என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் மொத்தமாகக் கேட்பவரிடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே என்ன தருவீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால், அந்த மூட்டைக்குள் ஏதோ ஒன்றுக்காகத்தான் வந்திருக்கிறார். என் விருப்பத்தைக் கேட்டால், வாசிப்பவருக்கே விற்பேன்: கோவையிலும் ஈரோட்டிலும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு, அடுத்த நிலைக்குப் போகும் மாணவர் யார், யாருக்கு நல்ல கருவி வேண்டும் என்பது தெரியும். வாங்குபவர் ஒரு வாரம் வைத்து வாசித்துப் பார்க்கக் கேட்டால், முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். சம்மணமிட்டு அமர்ந்து வாசிக்கும் நம் முறைக்கும், நான்கு கம்பிகளையும் ச-ப-ச-ப என்று கூட்டும் தாழ்ந்த சுருதிக்கும் வயலின் ஒத்துவருகிறதா என்பது கடைசியில் அவருடைய கைக்குத்தான் தெரியும். கொம்பையும் உடுக்கைகளையும் இந்த வியாபாரத்தில் சேர்க்காதீர்கள். அவற்றைத் தேடி வருபவர்கள் வேறு ஆட்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தகரக் கூரையின் வெப்பத்தில் வச்சிரம் இளகும், மெருகு பிசுபிசுத்துப் பெட்டியின் துணியோடு ஒட்டிக்கொள்ளும். கருவியை அட்டாலியிலிருந்து இறக்கி, கீழ்வீட்டில் வெயில் படாத அலமாரியில் வையுங்கள். சவுண்ட் போஸ்ட்டை நிறுத்தும் வரை மாப்பிள்ளை கம்பியை இறுக்கும் பிருடையை முறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; தாங்கு இல்லாத மேல்பலகை குதிரையின் பாரத்தில் அமுங்கிப் பிளந்துவிடும்.