பைக்கின் கியர் லிவரை மிதித்தால் லிவர் மட்டும் ஆடுகிறது, கியர் விழவில்லை. வீட்டிலேயே சரிசெய்யலாமா?

பெரும்பாலும் சரிசெய்யலாம். முதலில் வண்டியை அணைத்துவிட்டு, லிவரைக் கையால் அழுத்தி, அது மாட்டியிருக்கும் ஷாஃப்ட்டின் முனையைப் பாருங்கள். ஷாஃப்ட் சுற்றாமல் லிவர் மட்டும் வழுக்கினால் கோளாறு வெளியேதான்.

லிவரை இறுக்கிப் பிடிக்கும் போல்ட் பல வண்டிகளில் 10 எம்எம் ஸ்பேனருக்குத் திரும்பும். அதை முழுசாகக் கழற்றிவிடுங்கள். ஷாஃப்ட்டில் உள்ள பள்ளத்தில் போல்ட் உட்கார்ந்திருப்பதால், வெறுமனே தளர்த்தினால் லிவர் வராது, சுத்தியலை எடுக்காதீர்கள். லிவரின் துளைக்குள்ளும் ஷாஃப்ட்டிலும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் பற்களை மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்துத் துடைத்துப் பாருங்கள். லிவரின் பல் மழுங்கியிருந்தால் புது லிவர் போதும். ஷாஃப்ட்டோடு வெல்டிங் வைத்துத் தரும் பழக்கம் எனக்குப் பிடிக்காது: பக்கத்தில் இருக்கும் ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சூட்டில் கெடும், அப்புறம் ஷாஃப்ட்டைக் கழற்ற லிவரை அறுக்கத்தான் வேண்டும்.

ஷாஃப்ட் சுற்றுகிறது, ஆனால் மிதித்த லிவர் திரும்பி வரவில்லை என்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள். அதற்கு ஆயிலை வடித்து, இன்ஜின் கவரைத் திறந்து, கவருக்கு இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் மாற்ற வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடமே விடலாம்.