முதலில் தொப்பையா, தசையா?

கேள்வி: எனக்கு வயது 24. உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. ரங்கூனில் அப்பாவின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். கை கால் மெலிசு, வயிறு மட்டும் முன்னால் தள்ளுகிறது. ஜிம்மில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. "முதலில் நன்றாகத் தின்று உடம்பை ஏற்று, அப்புறம் இளைத்துக்கொள்ளலாம்" என்கிறார் ஒருவர். "தொப்பையைக் கரைக்காமல் வெயிட் தூக்கி என்ன பிரயோஜனம்?" என்கிறார் இன்னொருவர். எதை முதலில் செய்வது? சோற்றை விட்டுவிட வேண்டுமா? புரோட்டீன் பவுடர் இல்லாமல் முடியுமா?

பதில்: தம்பி, இரண்டு பேரும் தெரிந்துதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஏற்றி இறக்கும் கணக்கு, பல வருடம் தூக்கிப் பழகி, இனி ஒரு கிலோ தசை சேர்க்கவே வருடக்கணக்காகும் என்ற நிலைக்கு வந்தவர்களுக்கானது. மூன்று வாரக்காரரிடம் உடம்பு அத்தனை கஞ்சத்தனம் காட்டாது. பாரமே அறியாத தசைக்கு முதல் ஆறேழு மாதம் எதைத் தூக்கினாலும் புதுசு. உடனே வளரப் பார்க்கும். வயிற்றில் சேமிப்பும் இருக்கிறது. தசை கட்டத் தேவையான சக்தியில் ஒரு பங்கை உடம்பு அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். செங்கல்லை மட்டும் நீங்கள் வெளியிலிருந்து போட வேண்டும். அதுதான் புரதம். ஆக, உங்களுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும்.

நம்பாதவர்களுக்கு ஒரு ஆய்வு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்டது. அதிக எடையுள்ள 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம், தேவையைவிட 40 சதவீதம் குறைவான சாப்பாடு, வாரம் ஆறு நாள் கடும் பயிற்சி. பாதிப் பேருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், மீதிப் பேருக்கு 2.4 கிராம். அதிகம் சாப்பிட்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ கூடினார்கள். குறைவாகச் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ போனது, தசைப் பக்கம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்களும் 40 சதவீதம் வெட்டிவிடாதீர்கள். அவர்களுக்குச் சாப்பாட்டை அளந்து கொடுக்க ஆள் இருந்தது. உங்களுக்குக் கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை இருக்கிறது. தினமும் 300, 400 கலோரி குறைந்தால் போதும்.

அதை எங்கே குறைப்பது? எல்லோரும் சோற்றுத் தட்டைப் பார்க்கிறார்கள். நான் குழம்புச் சட்டியைப் பார்ப்பேன். நம்மூரில் கறி வெந்துவிட்டது என்பதற்கு அடையாளமே எண்ணெய் பிரிந்து மேலே மிதப்பதுதான். பர்மியர் வீட்டிலும் அப்படித்தான், நம் வீட்டிலும் அந்தக் கை வந்துவிட்டது. கறித் துண்டை எடுத்த பிறகு அந்தச் சிவப்பு எண்ணெயையும் இரண்டு கரண்டி சோற்றில் ஊற்றிப் பிசைகிறோம் பாருங்கள், அங்கேதான் தொப்பை இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. ஒரு சின்னக் கிண்ணச் சோற்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு. வயிறு நிறைந்ததாகத் தெரியவே தெரியாது. சோற்றை அளவாக வைத்துக்கொள்ளுங்கள், விட வேண்டாம். பயிற்சி நாளில் தூக்குவதற்குத் தெம்பு அதில்தான். மேலே மிதப்பதை மட்டும் கரண்டியால் ஒதுக்குங்கள். அடுத்தது டீ. கன்டென்ஸ்டு மில்க் ஒரு மேசைக்கரண்டி 60 கலோரி. கடையில் உட்கார்ந்து நாலு கப் குடித்தால் அதுவே 240. இந்த இரண்டிலேயே நீங்கள் தேடுகிற 400 கிடைத்துவிடும்.

இப்போது புரதம். 2018-ல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசைக்குப் பெரிதாகப் பலன் கூடவில்லை என்று தெரிந்தது. உங்கள் எடைக்கு அது 125 கிராம். கேட்க மலைப்பாக இருக்கும், வீசையில் யோசித்தால் மலைப்பு போய்விடும். (தமிழ்நாட்டுப் பழைய வீசை சுமார் 1.4 கிலோ, நம்மூரில் கறிக்கடைக்காரர் போடுவது 1.63 கிலோ. பெயர் ஒன்றுதான், கனம் வேறு.) கால் வீசை கோழி 408 கிராம். எலும்பு போக 270 கிராம் கறி தேறும், அதில் சுமார் 55 கிராம் புரதம். அதை மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் பிரித்துக்கொள்ளலாம். இரவு வீசையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 163 கிராம் மீன் சதை என்றால் 29 கிராம் வரும். காலையில் இரண்டு முட்டையில் 12, அதோடு தெருவில் கூவி விற்கிற பேபியோ, அதாவது அவித்த பட்டாணி, ஒரு கிண்ணத்தில் 10. ஒரு கிண்ணம் பருப்பில் 8, மூன்று கிண்ணச் சோற்றில் 12. கூட்டிப் பாருங்கள், 126. பவுடர் எங்கேயும் வரவில்லை. கையில் காசு இருந்து, சமைக்க நேரமில்லாவிட்டால் வாங்குங்கள். அது உணவு, மருந்து அல்ல.

காவடிக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கும் நாட்களில் கறிக்குப் பதில் பேபியா, அதாவது சோயாவில் செய்த வெள்ளைத் தோஃபு. ஷான் கடைகளில் கிடைக்கிற மஞ்சள் தோஃபு கடலை மாவில் செய்தது; ருசி அதிகம், புரதம் குறைவு. எண்ணெயில் பொரித்தது என்றால் கணக்கே வேறு.

உடற்பயிற்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் மர்மம் இல்லை. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும். ஸ்குவாட் (பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்து மேலே தள்ளுவது), ரோ (குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது), தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், கால் பின்பக்கத்துக்கு ருமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பை மடக்கிப் பாரத்தை இறக்கி ஏற்றுவது). ஒவ்வொன்றும் மூன்று செட், அதாவது நடுவே ஓய்வெடுத்து மூன்று சுற்று, சுற்றுக்கு எட்டிலிருந்து பத்துத் தடவை. இன்னும் இரண்டு தடவை முடியும் என்று தோன்றும்போது நிறுத்துங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுதுங்கள்: "திங்கள், ஸ்குவாட் 40 கிலோ: 8, 8, 7." புதன்கிழமை அந்த ஏழு எட்டாக வேண்டும். மூன்று செட்டும் பத்தைத் தொட்ட மறுமுறை 2.5 கிலோ கூட்டுங்கள். நோட்டில் எண் ஏறாமல் கண்ணாடியில் தசை ஏறாது. கை மட்டும் பெருக்க ஆசைப்பட்டு பைசெப்ஸ் முன்னாலேயே நிற்கிறவர்களை நான் 15 வருடமாகப் பார்க்கிறேன். கால் பென்சில் மாதிரியே இருக்கும்.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2010-ல் நடந்த ஒரு சிறிய ஆய்வில், ஒரே சாப்பாட்டுக் குறைப்பில் 8.5 மணி நேரம் படுத்தபோதும் 5.5 மணி நேரம் படுத்தபோதும் குறைந்த எடை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் குறைவாகத் தூங்கியபோது கரைந்ததில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போய், மற்றது தசைப் பக்கத்திலிருந்து போனது. கரண்ட் போய் விசிறி நிற்கிற ரங்கூன் இரவில் இதை எழுதுவது சுலபம், தூங்குவது கஷ்டம், தெரியும். புழுங்கிய இரவுக்கு மறுநாள் மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் அரை மணி சாய்ந்துகொள்ளுங்கள்.

எடைத் தராசை வாரம் ஒரு தடவைக்கு மேல் ஏற வேண்டாம். கொழுப்பு இறங்கித் தசை ஏறும்போது முள் அசையாமலே இருக்கலாம். அங்கேதான் நிறைய பேர் கைவிடுகிறார்கள். நானும் 22 வயதில் அந்த முள்ளை நம்பினவன். ஏற வேண்டும் என்று தின்று ஆறு மாதத்தில் 11 கிலோ ஏறினேன், இருந்த நாலு பேன்ட்டும் சேரவில்லை, இறக்க ஒரு வருடம் பிடித்தது. உங்களுக்குத் தையல்காரர் டேப் போதும். ஞாயிறு காலை, வெறும் வயிற்றில், மூச்சை விட்டுவிட்டு, தொப்புள் மட்டத்தில் அளந்து அதே நோட்டில் எழுதுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லைக்கோடு. மெலிந்த கையோடு தொப்பை என்பது நம் இனத்தில் சாதாரணம், ஆனால் சர்க்கரை வியாதி அந்த வழியாகத்தான் வருகிறது. உங்கள் உயரத்துக்கு 78 கிலோ என்றால் பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 27.6, ஆசியருக்கு உலக சுகாதார நிறுவனம் அபாயம் அதிகம் என்று வைத்த 27.5-ஐத் தாண்டிவிட்டது. ஒரு தடவை வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். ஜிம்மில் யாராவது தசை ஏற ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால் ஜிம்மை மாற்றுங்கள்.

மூன்று வாரம் டேப் அசையவில்லை என்றால் இன்னும் அரைக் கிண்ணம் சோறு குறையுங்கள். டேப் இறங்குகிறது, நோட்டில் ஸ்குவாட் மட்டும் ஏறவில்லை என்றால், அந்த அரைக் கிண்ணத்தைப் பயிற்சி நாளில் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு 85-க்கு வந்த பிறகு, அந்த முதல் நண்பர் சொன்னபடி கொஞ்சம் ஏற்றுவதைப் பற்றிப் பேசலாம்.